உயிரோடிருந்த யேயேக்கு நான் செய்த செத்தவீடு

மெல்பேர்னின் தென்கிழக்குப் பக்கத்தில் எங்கள் ஆட்களில் யாராவது காலமானால் முதல் போன் எனக்கு வரும். கலியாணம் என்றால் கார்ட் கடைசியாக வரும், சிலவேளை வராமலும் போகும். காரணம், நான் செத்தவீட்டில் பதிகம் பாடுகிறவன். ரோவிலில் இருந்து டண்டினோங் வரைக்கும் எத்தனையோ பேரை நான் பாடித்தான் அனுப்பியிருக்கிறேன். ஒருவரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை. ஒரே ஒருவரைத் தவிர. அவர் வந்தார். பெட்டிக்குள் இருந்து அல்ல, மூன்று சில்லு வண்டியில் வந்தார். வந்து, நான் படைத்த சோறு குழைந்துவிட்டது என்றார்.

இது நடந்தது சீனாவில், ஏழெட்டு வருடத்துக்கு முன்னர். அப்போது எனக்கு ஐம்பத்தொன்பது வயது. (சின்னப் பெடியன், தெரியாமல் செய்துபோட்டான் எண்டு விடக்கூடிய வயசில்லை.) பெட்டி அடிக்கிற ஃபாக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. மரக்கறிதான் சாப்பாடு, இரண்டு வேளை பூசை, வெள்ளிக்கிழமை கோயில். கோயிலில் எனக்கு ஒரு பதவியும் இருந்தது: செருப்பு ஒழுங்கு செய்கிற குழுவின் தலைவர். குழுவில் நான் ஒருவன்தான். ஆனாலும் அந்தப் பதவி என் நடையில் தெரியும் என்று என் மனைவி ராணி சொல்லுவா.

என் மகனை வீட்டில் தம்பி என்று கூப்பிடுவோம். அவன் யூனியில் படிக்கும்போது லின் என்ற பிள்ளையோடு பழகி, இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு அவளைத்தான் கட்டுவேன் என்று வந்து நின்றான். லின் அருமையான பிள்ளை. ஆஸ்பத்திரி லாபில் வேலை. கிளென் வேவர்லியில் அறை எடுத்து இருந்தாள். எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பை நேராக அடுக்கிவிட்டுத்தான் உள்ளே வருவாள். அதிலேயே நான் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை.

"அப்பா, ஒரு கிழமை எங்களோட வாங்கோ" என்றான் தம்பி. "லின்ட அம்மா அப்பா சிற்றியில இருக்கினம். யேயே கிராமத்தில. அப்பாட அப்பாவை அப்பிடித்தான் கூப்பிடுறவை. அவருக்கு எண்பத்து நாலு வயசு. அவருக்குத் தேத்தண்ணி குடுத்துக் கேட்க வேணும். அவர் ஓம் எண்டால் நாள் வைக்கலாம். அவர் இல்லையெண்டால் லின்ட அப்பா ஒண்டும் செய்ய மாட்டார்."

மகன் என்னைக் கூப்பிட்டது சம்பந்தம் பேச. நான் சம்மதித்தது குற்றம் பிடிக்க. 'வேண்டாம்' என்று நேரே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சொன்னால் காரணம் கேட்பான். என்னிடம் இருந்தது ஒரே ஒரு காரணம், 'ஆக்கள் என்ன சொல்லுவினம்.' அதை வெளியில் எடுத்து வைக்க எனக்கே வெட்கமாக இருந்தது. ஆகவே போய்ப் பார்த்து, வெளியில் எடுக்கக்கூடிய காரணம் ஒன்றைக் கொண்டு வருவோம் என்று நினைத்தேன். முருகன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தினமும் இரண்டு தரம் சொல்லுகிறவன், அவன் இதையும் பார்ப்பான் என்று யோசிக்கவில்லை.

மெல்பேர்னில் புத்தி சொல்லவும் ஆட்கள் இருந்தார்கள். எங்கள் தெருவில் பூமணி அன்ரி என்று ஒருவர். "சீனன் பாம்பும் தின்னுவான், தேளும் தின்னுவான். நீங்கள் சைவம். அரிசியைக் கொண்டுபோங்கோ, குக்கரையும் கொண்டுபோங்கோ" என்றா. அவ சீனாவை அறிந்தது, சீனக் கடைகள் நிறைந்த பொக்ஸ் ஹில்லில் மீன் வாங்கப்போன வகையில். ஆனால் எனக்கு அந்த நேரம் அவ ஒரு பேராசிரியை. அரிசி, பருப்பு, குக்கர், விபூதி, கற்பூரம், இரண்டு பை மிளகாய்த்தூள் எல்லாம் கட்டினேன். 'சீனச் சாப்பாடு உறைக்காது, பாவங்கள், அவைக்கும் கொஞ்சம் குடுப்பம்' என்று பெருமை வேறு. அங்கே விமான நிலையத்தில் அரிசியையும் பருப்பையும் எடுத்துவிட்டு, குக்கரைத் திருப்பித் தந்தார்கள். அதன் பிளக் அந்த ஊர்ச் சுவரில் அப்படியே பொருந்தியது, தலைகீழாக. நல்ல சகுனம் என்றா ராணி. தலைகீழ் என்பதைக் குற்றத்தில் சேர்க்கலாமா என்று நான் யோசித்தேன்.

லின்னின் தாய் தகப்பன் இருந்தது சாங்ஷா என்ற நகரத்தில், இருபதாவது மாடியில். வீட்டுக்குள் போகும்போதே செருப்பைக் கழற்றச் சொல்லி வேறு செருப்புத் தந்தார்கள். செருப்புக் குழுத் தலைவரால் அதில் குறை சொல்ல முடியவில்லை. வேறு இடத்தில் தேடினேன். சாமி அறை இல்லை. குளிர்ந்த தண்ணீர் கேட்டால் சுடுதண்ணீர் தருகிறார்கள். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன் குசினிக்குள் போய்ச் சட்டியை மணந்து பார்த்தேன். (இப்ப நினைச்சால் உடம்பு கூசுது. சம்பந்தி வீட்டுச் சட்டியை நாய் மாதிரி மணந்து பார்த்தவன் நான்.) சட்டி புத்தம் புதிது, பளபளவென்று இருந்தது. பிடித்துவிட்டேன் குற்றம்: இந்த வீட்டுப் பொம்பிளை சமைக்கிறதே இல்லை. ராணியிடம் சொன்னேன்.

"அப்ப மேசையில இருக்கிற எட்டுக் கறியும் ஆர் வைச்சது?" என்று கேட்டா.

"கடையில எடுத்திருப்பினம்."

அந்த எட்டுக் கறியில் ஒன்று பூக்கோவா. அதில் காய்ந்த செத்தல் மிளகாய் குவியலாகக் கிடந்தது. அலங்காரத்துக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து ஒரு கரண்டி அள்ளி வாயில் வைத்தேன். யாழ்ப்பாணத்து நாக்கு, செத்தவீட்டு ரசத்தில் ஊறிய நாக்கு என்றெல்லாம் எத்தனை தரம் பீற்றியிருப்பேன். இரண்டாவது நிமிடம் எனக்குக் காது கேட்கவில்லை. கண்ணால், மூக்கால், எங்கெங்கோ தண்ணீர் வந்தது. லின்னின் தகப்பன் எழுந்து ஓடிப்போய்ப் பால் கொண்டுவந்து தந்தார். நெட்டையான, சிரிக்காத மனிதர். தாய் என் கண்ணீரைப் பார்த்துத் தானும் கண் கலங்கினா. சூட்கேசில் இருந்த இரண்டு பை மிளகாய்த்தூளை நான் அதற்குப் பிறகு வெளியில் எடுக்கவேயில்லை. அந்த ஊரில் அதைக் குழந்தைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள்.

மூன்றாம் நாள் கிராமத்துக்குப் போவதாக ஏற்பாடு. தம்பிக்கும் லின்னுக்கும் ஏதோ பத்திரத்தில் கையெழுத்து வைக்க நகரத்தில் ஒரு நாள் வேலை இருந்தது. "நீங்கள் முதல் போங்கோ. நாங்கள் அடுத்த நாள் காலமை ரெயினில வாறம்" என்றான் தம்பி. என் தோளில் கை வைத்தான். "அப்பா, ஒரு நாள்தான். ஒண்டும் செய்யாமல் சும்மா இருங்கோ. ப்ளீஸ்."

சும்மா இருப்பதுதான் சுகம் என்று பெரியவர்கள் சொன்னதை நான் எத்தனையோ செத்தவீட்டில் சொல்லியிருக்கிறேன்.

மூன்று மணித்தியாலம் காரில் போனோம். மலைக்கு நடுவில் வயல், வயலுக்கு நடுவில் இரண்டு மாடி வீடு. போனில் மொழிபெயர்க்கிற வசதி அங்கே வேலை செய்யவில்லை. எல்லாம் கையாலும் தலையாலும்தான். வீட்டு மண்டபத்தில் ஒரு பிரம்புக் கதிரை, வெறுமையாக. பக்கத்தில் ஒரு கைத்தடி. ஆணியில் ஒரு தொப்பி. அவற்றுக்கு மேலே, சுவரின் நடுவில், கறுப்புச் சட்டம் போட்ட பெரிய படம். ஒரு கிழவர், வெள்ளைத் தாடி, நேரே பார்க்கிற கண். முகத்தில் லின்னின் சாயல் அச்சாக இருந்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது, இவர்தான் யேயே.

எங்கள் வீடுகளில் மண்டபத்துக்கு நடுவில் கறுப்புச் சட்டத்தோடு ஒரு கிழவரின் படம் தொங்கினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். உயிரோடு இருக்கிறவரின் படத்தை யாரும் அப்படித் தூக்குவதில்லை. தூக்கினால் அவரே சண்டைக்கு வருவார்.

அதற்குப் பிறகு நான் பார்த்ததெல்லாம் அத்தாட்சியாகவே தெரிந்தது. வீட்டில் இருப்பார் என்று சொன்ன யேயே வீட்டில் இல்லை. லின்னின் தாய் குசினியில் இருந்து வரும்போது கண் சிவந்திருந்தது. தகப்பன் முற்றத்தில் நின்று யாரோடோ போனில் மெல்லிய குரலில் பேசினார். பின்னேரம் கழிவறைக்குப் போகும் வழியில் பின்பக்க அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே, பலகை மேல், பிளாஸ்டிக் விரிப்பால் பாதி மூடியபடி, கறுப்பு வண்ணம் பூசிய பெரிய சவப்பெட்டி.

கிட்டப் போய் மூடியில் கை வைத்தேன். வைத்ததும் கண் எரிந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. எனக்கே ஆச்சரியம். முன்பின் காணாத ஒரு மனிதருக்காக இப்படி அழுகிறேனே, என்ன மனம் எனக்கு என்று.

அங்கேயே நின்று முழுக் கதையையும் கட்டி முடித்தேன். யேயே இந்த இரண்டு நாளுக்குள் போய்விட்டார். இவர்கள் எங்களுக்குச் சொல்லவில்லை. எங்கள் ஆட்களும் அப்படித்தானே. தூரத்தில் இருந்து வந்தவனுக்கு வாசலில் வைத்துச் செத்த செய்தி சொல்ல மாட்டோம். தேத்தண்ணி கொடுத்து, குளிக்க வைத்து, சாப்பிட வைத்து, பிறகுதான் சொல்லுவோம். இந்தச் சனம் அதற்கும் மேல். விருந்தாளிகள் திரும்பிப் போகும்வரை தங்கள் துக்கத்தையே விழுங்கிவிட்டு எட்டுக் கறி வைக்கிறது. இவர்களிலா நான் மூன்று நாளாகக் குற்றம் தேடினேன்.

இதை நான் பொய் சொல்லவில்லை. அந்த ஒரு கிழமையில் நான் நல்ல மனிதனாக இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். அழிவு முழுக்க அதில்தான் வந்தது.

யாரையாவது கேட்டிருக்கலாம். படத்தைக் காட்டி, வானத்தைக் காட்டி, புருவத்தை உயர்த்தியிருந்தாலே போதும். ஆனால் கேட்காமலே விளங்கிக்கொள்வதுதான் என் திறமை.

அடுத்த நாள் விடிய லின்னின் தகப்பன் பிள்ளைகளைக் கூட்டிவரக் காரில் ஸ்டேசனுக்குப் போனார். தாய் கூடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனா. வீட்டில் நானும் ராணியும். நான் குளித்து, விபூதி பூசி, வேட்டி கட்டி வந்து என் தீர்மானத்தைச் சொன்னேன். அந்த ஆத்மாவுக்கு நான் அறிந்த மரியாதையைச் செய்யப் போகிறேன் என்று.

"இஞ்சேருங்கோ, தம்பி பத்து மணிக்கு வந்திடுவான். அவனைக் கேட்டுப்போட்டுச் செய்வமே."

"என்னத்தைக் கேட்கிறது? பெட்டி இருக்கு, படம் இருக்கு, ஆள் இல்லை. உமக்கு மரண அத்தாட்சிப் பத்திரமும் வேணுமோ?"

"அப்ப பிரேதம் எங்கை?"

"பெட்டிக்குள்ள."

"ஒரு மணமும் இல்லையே."

"குளிர் ஊர்."

ராணி போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தா. அவவுக்கும் கண்ணில் தண்ணீர். அதோடு வாதம் முடிந்தது.

முற்றத்தில் வெள்ளைச் செவ்வந்தி பூத்திருந்தது. லின்னின் தாய் ஆசையாக வளர்த்தது. முழுவதையும் வெட்டினேன். ராணி தையல் நூலில் மாலை கட்டித் தந்தா. கதிரையில் ஏறிப் படத்துக்குப் போட்டேன். கண்ணாடியின் மேல், நெற்றி வருகிற இடத்தில், மூன்று குறி விபூதி பூசினேன். எங்கள் குக்கரில் அவர்கள் அரிசியைப் போட்டுச் சோறாக்கினேன். அந்த அரிசியின் தண்ணீர்க் கணக்கு எனக்குத் தெரியாது. ஒரு கோப்பை சோற்றைப் படத்துக்கு முன் வைத்தேன். 'கையால் சாப்பிட்டுப் பழக்கமில்லாத மனிதர், வசதியாக இருக்கட்டும்' என்று, சாப்பிடுகிற குச்சிகள் இரண்டையும் சோற்றுக்கு நடுவில் நேராக நட்டு வைத்தேன்.

பிறகுதான் தம்பி சொன்னான். செத்தவர்களுக்குப் போடுகிற பூ அங்கே வெள்ளைச் செவ்வந்தியாம். செத்தவர்களுக்கு மட்டும்தான் சோற்றில் குச்சியை அப்படி நட்டு வைப்பார்களாம். அவர்கள் முறை ஒன்றும் தெரியாதவன், அந்த இரண்டையும் பிழையில்லாமல் செய்திருக்கிறேன்.

கற்பூரத்தைக் கொளுத்தினேன். கண்ணை மூடிப் பதிகத்தைத் தொடங்கினேன்.

என் குரலுக்கு மைக் தேவையில்லை. டண்டினோங் பக்கத்து மண்டபங்களில் பின் வரிசைக்காரர் கார் தரிப்பிடத்துக்குப் போய் நின்றும் கேட்பார்கள். அன்று பக்கத்து மலையும் சேர்ந்து எதிரொலித்தது. ராணி நிலத்தில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்து, எங்கள் ஊர் வழக்கப்படி குரல் எடுத்து அழத் தொடங்கினா. மூன்றாவது பாட்டில் கண்ணைத் திறந்தேன். வாசலில் நாலைந்து சீனக் கிழவிகள் நின்றார்கள். மாலையைப் பார்த்தார்கள், சோற்றைப் பார்த்தார்கள், ராணியைப் பார்த்தார்கள். ஒருத்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நான் நினைத்தேன்: பாவம், இவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்த சனம், என் பாட்டில் உடைந்துவிட்டது. குரலை இன்னும் உயர்த்தினேன்.

ஐந்தாவது பாட்டுக்குள் முற்றம் நிறைந்துவிட்டது. யாரோ சரவெடி கொளுத்தினார்கள். அங்கே சாவுக்கும் வெடி உண்டு. லின்னின் தாய் தோட்டத்தில் இருந்து மண் காலோடு ஓடி வந்து, வாசலில் அப்படியே நின்றுவிட்டா. அவவின் முகம் பழைய துணி போல வெளுத்திருந்தது. அவ என்னைப் பார்த்த பார்வையில் கேள்விதான் இருந்தது. நான் கையை உயர்த்தி, அமைதி அமைதி என்று ஆறுதல் காட்டினேன். (அவவின்ட மாமனார் செத்ததை அவவுக்கே அறிவிச்ச ஆள் நான்தான்.)

அந்த நேரம் கூட்டம் ஒரு பக்கத்தால் பிளந்தது. பற்றரியில் ஓடுகிற மூன்று சில்லு வண்டி ஒன்று முற்றத்துக்குள் வந்து நின்றது. பின்னால் இரண்டு வாத்து, ஒரு சாடி. இறங்கியவர் வெள்ளைத் தாடிக் கிழவர். காது கொஞ்சம் மந்தம் போல, கையைக் காதில் வைத்து அங்குமிங்கும் ஏதோ கேட்டார். யார் செத்தது என்று கேட்டிருக்கிறார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவராகவே தொப்பியைக் கழற்றி, துக்க முகத்தோடு உள்ளே வந்து, எனக்குப் பக்கத்தில் நின்று, மரியாதையாகத் தலை குனிந்தார். பிறகு நிமிர்ந்து படத்தைப் பார்த்தார்.

என் வாய் பாடிக்கொண்டுதான் இருந்தது. பழக்கம். கண் மட்டும் அவரைப் பார்த்தது, படத்தைப் பார்த்தது, திரும்ப அவரைப் பார்த்தது. தாடி ஒன்று, கண் ஒன்று. ஒருவருக்கு மட்டும் நெற்றியில் விபூதி.

பாட்டு நின்றது. ராணியின் அழுகையும் நின்றது. "இஞ்சேருங்கோ, கேட்டுப்போட்டுச் செய்வம் எண்டு சொன்னனான்" என்றா, தலை நிமிராமலே.

கிழவர் மெல்ல நடந்துபோய், சோற்றுக் கோப்பையை எடுத்து, நட்டிருந்த குச்சிகளைப் பிடுங்கி, பிரம்புக் கதிரையில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார். வாத்து வாங்கவும், எங்களுக்காகக் குடிவகை எடுக்கவும், அடுத்த ஊரில் இருந்த தங்கை வீட்டுக்கு முதல் நாள் போனவராம். காலையில் சாப்பிடவில்லையாம். இரண்டு வாய் மென்றுவிட்டு ஏதோ சொன்னார். முற்றம் முழுவதும் சிரித்தது. அந்த ஊர் அன்று சிரித்ததுபோல் அதற்கு முன் சிரித்திருக்காது. சோறு குழைந்துவிட்டது என்று சொன்னார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். லின்னின் தாய் மட்டும் சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றா.

நானும் கொஞ்சம் சிரிக்கலாமா என்று யோசித்தேன். அதற்குள் கார் வந்தது.

யாரோ ஒரு அயலவர், நல்ல மனதோடு, லின்னின் தகப்பனுக்குப் போன் செய்து அப்பா போய்விட்டார் என்று சொல்லியிருக்கிறார். ஸ்டேசன் வாசலில், சனத்துக்கு நடுவில், அந்த நெட்டை மனிதர் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாராம். தம்பிதான் தூக்கிக் காரில் ஏற்றி, அவனே ஓட்டி வந்தான். உள்ளே வந்தவர் சோறு மெல்லுகிற தகப்பனைப் பார்த்தார். கிட்டப் போய்க் கையைப் பிடித்தார். நாடி பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பிடித்தபடி நின்றார். பிறகு பின்வளவுக்குப் போய்விட்டார். அவர் முதுகு குலுங்குவது ஜன்னலால் தெரிந்தது.

தம்பி என்னை ஒரு பக்கம் கூட்டிப்போனான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"உங்களுக்கு இந்தக் கலியாணம் விருப்பமில்லை எண்டு எனக்குத் தெரியும் அப்பா. என்னட்டைச் சொல்லியிருக்கலாம். அந்த மனிசனை இப்பிடிச் செய்திருக்கத் தேவையில்லை."

"தம்பி, நான் வேணுமெண்டு..."

"லின்ட அப்பா சொல்லிப்போட்டார். இண்டைக்குத் தேத்தண்ணி இல்லை. இந்த வருசமே இல்லாமல் போகலாமாம். இப்பிடி ஒரு சகுனத்தோட ஆர் கலியாணம் கதைப்பினம்?"

ஆக, நான் எதற்காகச் சீனாவுக்கு வந்தேனோ அது நடந்துவிட்டது. நானே நினைத்திராத அளவுக்கு உறுதியான காரணம். முருகனிடம் கேட்டால் தராமல் விடமாட்டான். நான் கேட்டதை அப்படியே என் கையில் தந்துவிட்டு, இப்ப என்ன செய்யப் போகிறாய் என்று பார்த்துக்கொண்டு நின்றான்.

செய்ய ஒன்றும் தெரியாமல் குசினிக்குப் போய் அந்தக் குக்கரைக் கழுவினேன். லின் வந்து பக்கத்தில் நின்றாள். அடுப்பில் இருந்த சட்டியைக் கழுவ எடுத்தேன். நகரத்தில் பார்த்ததுபோலவே இதுவும் புத்தம் புதிது. ஏன் இங்கேயும் புதுச் சட்டி என்று என் ஃபாக்டரி இங்கிலீசில் கேட்டேன். பழைய சட்டியில் பன்றிக் கொழுப்பு ஊறியிருக்கும் அங்கிள், நீங்கள் சாப்பிட மாட்டீர்கள் என்று அம்மா இரண்டு வீட்டுக்கும் புதிது வாங்கினா என்றாள். கழுவிய சட்டியைத் திரும்பவும் கழுவினேன். இந்தத் தரம் கண்ணில் வந்த தண்ணீருக்கு வேறு காரணம் இல்லை.

பின்னேரம் யேயே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பிரம்புக் கதிரையில் இருந்தார். படத்தைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். விபூதியைத் துடைக்கவில்லை. நான் போய் நிலத்தில் இருந்தேன். லின் மொழிபெயர்த்தாள். பெட்டியும் படமும் அந்தப் பக்கத்துக் கிழவர்கள் முன்கூட்டியே செய்து வைப்பதாம். செய்து வைத்தால் ஆயுள் கூடுமாம். பெட்டிக்குள் யேயே செத்தல் மிளகாய் போட்டு வைக்கிறாராம். எலி ஏறாதாம். (அந்தப் பூக்கோவாக் கறியில கிடந்த செத்தலும் பெட்டிக்குள்ள இருந்துதான் வந்தது. பெட்டியில கை வைச்சு நான் அழுத அழுகையும் அதாலதான்.)

அவர் கோபிக்கவில்லை. விசாரித்தார். எத்தனை பேர் வந்தார்கள்? யார் உண்மையாக அழுதது? ராணியிடமும் கேட்டார். கதவு நிலையைப் பிடித்து அழுத கிழவியை ராணி நடித்துக் காட்டினா. அவருக்கு நல்ல சந்தோசம். தன்னோடு தினமும் சீட்டு விளையாடுகிறவன் வரவேயில்லை என்று கேட்டு முகம் சுருங்கினார். கடைசியாக, "என் மகன்?" என்றார்.

லின் ஸ்டேசனில் நடந்ததைச் சொன்னாள். யேயே நெடுநேரம் பின்வளவுப் பக்கம் பார்த்தார். பிறகு என்னவோ சொன்னார். லின் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "இவன் சின்ன வயசில் இருந்தே கல்லு. எனக்காக அழுவானோ மாட்டானோ என்று தெரியாமலே போகப்போகிறேன் என்று நினைத்திருந்தாராம்."

சகுனத்துக்கும் அவரே பரிகாரம் சொன்னார். ஒரு படத்துக்குப் பூ வைத்தால் அது சாவு. இரண்டு படத்துக்கு வைத்தால் அது வீட்டு அலங்காரம். ஆகவே எனக்கும் இதே அளவில் படம் எடுத்து, தன் படத்துக்குப் பக்கத்தில் தூக்க வேண்டும். எமன் வந்தால் யாரைக் கூட்டிக்கொண்டு போவது என்று குழம்பித் திரும்பிவிடுவான்.

அடுத்த நாளே யேயே உட்பட எல்லாருமாகத் திரும்பவும் நகரத்துக்குப் போனோம். கார் ஓட்டிய லின்னின் தகப்பன் மூன்று மணித்தியாலமும் வாய் திறக்கவில்லை. படம் பிடிக்கிற கடையில் எனக்கு இரவல் கோட்டும் ரையும் தந்தார்கள். ரை கட்ட எனக்குத் தெரியாது. கண்ணாடிக்கு முன் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். லின்னின் தகப்பன் வந்து என்னைத் தன் பக்கம் திருப்பி, கட்டிவிட்டு, கொலரைச் சரிசெய்து, நெஞ்சில் இரண்டு தரம் தட்டினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்புக்கு அவர் பாஷையில் என்ன சொல்லுவது என்று தெரியவில்லை. பதிகம் முழுக்கப் பாடமாக்கிய வாய்க்கு அந்த ஒரு சொல் இல்லை.

படம் வந்தது. கடைக்காரப் பிள்ளை கொம்பியூட்டரில் என்னை வெள்ளையாக்கி, தலைமயிரைக் கறுப்பாக்கி, விபூதிக் குறி மூன்றையும் காயம் என்று நினைத்து முழுவதும் ஆற்றிவிட்டிருந்தாள். யேயே கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது யார்?" என்று கேட்டாராம். ஆனாலும் சட்டம் அவரே தெரிவு செய்தார். கறுப்பு.

அன்று பின்னேரம் இருபதாவது மாடியில் தம்பி முழங்காலில் நின்று தேத்தண்ணி கொடுத்தான். யேயே குடித்தார். நாள் வைத்தார்.

இப்போது என் பேத்திக்கு ஐந்து வயது. கிண்டரில் குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னபோது, என் அப்பப்பாவின் படம் சைனாவில் சுவரில் தொங்குது, ஆனால் அவர் இன்னும் சாகவில்லை என்று சொல்லியிருக்கிறாள். ரீச்சர் அனுதாபக் குரலில் போன் எடுத்தா. ரோவிலில் செத்தவீடு என்று போன் வந்தால், நான் வேட்டியை எடுக்க முதலே ராணி குசினியில் இருந்து குரல் கொடுப்பா: "ஆள் போனது சரிதானோ எண்டு வடிவாய்க் கேட்டனிங்களே?" பூமணி அன்ரி தன் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறாவாம், தனக்கு என்னைக் கூப்பிட வேண்டாம், டொக்டர் வந்து பார்த்த பிறகு கூப்பிட்டால் போதும் என்று.

ஒவ்வொரு சீன வருடப்பிறப்புக்கும் கிராமத்தில் இருந்து வீடியோ கோல் வரும். சுவரில் இரண்டு படம். இரண்டுக்கும் ஊதுபத்தி, இரண்டுக்கும் முன்னால் ஒவ்வொரு தோடம்பழம். மெல்பேர்னில் சோபாவில் இருந்துகொண்டு, எனக்கு நடக்கிற பூசையை நானே பார்ப்பேன். யேயேக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. கண் சரியாகத் தெரியாது. போனைக் காதில் வைத்துக்கொண்டு லின்னிடம் கேட்பார்: "அவன் இருக்கிறானா?"

"இருக்கிறன், யேயே" என்பேன்.

"நானும்" என்பார்.

சொல்லிவிட்டு, என் படத்துக்கு முன்னால் இருக்கிற தோடம்பழத்தை எட்டி எடுத்து, உரித்துச் சாப்பிடுவார். தன்னுடையதைத் தொடமாட்டார். இந்த வருடம் என்னுடையது புளிப்பாம்.